இருட்டு இருந்தால்தான் மின்மினி

அக்கா மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறார். போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனபோது, "இரட்டைக் கோபுரம் எங்கேயும் ஓடிடாது, முதல்ல இதைப் பாரு" என்று கோலசிலாங்கூருக்கு அழைத்துப் போனார். ஆற்றங்கரையில் கம்போங் குவாந்தான் என்று ஒரு சின்ன ஊர். இரவில் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மோட்டார் சத்தம் கிடையாது, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிஷம் ஆனது. அப்புறம் பார்த்தால், கரையோர மரம் ஒன்று முழுக்க ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைகிறது! ஆயிரம் மின்மினிக்கு ஒரே நெஞ்சு துடிக்கிற மாதிரி. படகில் யாருமே பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்கூட அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை.

அந்த மரத்தை மலாய்க்காரர்கள் பெரெம்பாங் என்கிறார்கள். சதுப்புநில மரம். மின்மினியின் புழு ஆற்றோரச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்ந்து, றெக்கை முளைத்ததும் இந்த மரத்தில் வந்துதான் துணை தேடும். மரத்தை வெட்டினாலும் போச்சு, கரையைக் கான்கிரீட் போட்டாலும் போச்சு. ஆண் மின்னுவது பெண்ணைக் கூப்பிட. நாம் ஒரு டார்ச்சைத் திருப்பினால் அந்தக் கூப்பாடு வெளிச்சத்தில் அமுங்கிப் போகும்.

இதை இப்போது எழுதக் காரணம் ஆனைமலை. 2022 ஏப்ரலில் உலாந்தி வனச்சரகத்தில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக ஒரே நேரத்தில் மின்னியதை வனத்துறை பதிவு செய்து வெளியிட்டது. அந்தக் காணொளி இன்னும் சுற்றுகிறது. கீழே "எப்போ எங்களுக்குத் திறந்து விடுவீங்க?" என்ற கேள்வியும் கூடவே சுற்றுகிறது. ஆசை எனக்கும் உண்டு. ஆனால் திறக்கச் சொல்லிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அது புலிகள் காப்பகம் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் நம் வண்டிகளின் ஹெட்லைட்.

பக்குவமாகக் காட்டுவது, கூட்டம் கூடிக் கெடுப்பது, மகாராஷ்டிரத்தில் இரண்டையும் பார்க்கலாம். புருஷ்வாடி கிராமத்தில் மழைக்கு முந்தைய வாரங்களில் ஊர்க்காரர்களே விருந்தினரைத் தங்க வைத்து, சோறு போட்டு, நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். காசு ஊருக்குள்ளேயே நிற்கிறது. அதே சுற்றுவட்டாரத்தில் பண்டர்தராவுக்கு வார இறுதியில் கார் கார்களாக மக்கள் குவிய, வனத்துறையே கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. மின்மினியின் புழு வளர்வது ஈரத் தரையிலும் புல்லடியிலும். கார் ஏறுவதும் நாம் மிதித்து நடப்பதும் அதே இடத்தில்தான். அமெரிக்காவில் கிரேட் ஸ்மோக்கி மலையில் குலுக்கல் போட்டு, அதில் பெயர் வந்தவர்களின் வண்டிகளை மட்டும்தான், மின்மினி அதிகமாக மின்னுகிற எட்டு இரவுகளில் உள்ளே விடுகிறார்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். நாமும் முதலில் அந்த மாதிரி ஏற்பாட்டைச் செய்வோம், டிக்கெட் அச்சடிப்பது அப்புறம்.

பிள்ளைகளுக்குப் பூச்சி காட்ட வேண்டும் என்றால் திருவரங்கத்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். 2015-ல் திறந்தது, பகலிலேயே பார்க்கலாம். பறக்கிறதை மட்டும் பார்த்துவிட்டு வராமல், எருக்கு இலையையும் கறிவேப்பிலையையும் திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். புழுவைப் பார்த்து "ச்சீ" என்று சொல்லாத பிள்ளை, ஒரு நாள் இருட்டிலும் சும்மா நிற்கும்.

எங்கள் ஊர்க் கிணற்றடியில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மின்மினி இருந்தது. இப்போது அங்கே ராத்திரி முழுக்க எரிகிற எல்இடி விளக்கு இருக்கிறது. ஊர் வாட்ஸ்அப் குழுவில், கிணற்றடி விளக்கைப் பத்து மணிக்கு மேல் அணைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். இதுவரை மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள்.