டிரைவரை மறுபடி நிறுவினால் தீருமா?
ஹெட்செட் செருகாமலே செருகியதாக லேப்டாப் காட்டினால், டிரைவரை (ஒலி வன்பொருளை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்கிறது இந்தக் கட்டுரை. என் லேப்டாப்பில் அது எடுபடவில்லை. ஹெட்செட் துளைக்குள் இருக்கும், பிளக் செருகியதை உணரும் சின்ன சுவிட்ச் தூசியாலோ தேய்மானத்தாலோ ஒட்டிக்கொண்டால், எந்த டிரைவர் போட்டாலும் அந்தப் பொய் சிக்னல்தான் வரும். முதலில் துளையைச் சுத்தம் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், லினக்ஸில் ஆல்சா டூல்ஸ் என்ற ஒலிக் கருவித் தொகுப்போடு வரும் எச்டிஏ ஜாக் ரீடாஸ்க் கருவியில் அந்தத் துளைக்கான பின்னுக்கு (ஒலி சிப்பின் இணைப்புக்கு) மட்டும் ஜாக் கண்டறிதலை, அதாவது பிளக் செருகியிருக்கிறதா என்று பார்ப்பதை, அணைத்துவிடலாம் (அப்புறம் ஸ்பீக்கரா ஹெட்போனா என்று கையால் மாற்ற வேண்டும், தொல்லைதான்). மேலே கருத்து எழுதிய ஒருவர் மைக் மட்டும் வேலை செய்யவில்லை என்கிறாரே, அது வேறு கதை. ஹெட்செட் பிளக்கில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு இணைப்பு வகை உண்டு. ஒன்றில் மைக் இருக்கும் இடத்தில் மற்றதில் கிரவுண்ட் (பொது இணைப்பு) இருக்கும். செருகியது எந்த வகை என்று டிரைவர் தவறாகக் கணித்தால் மைக் ஊமையாகிவிடும். பிளக்கை முழுதாக அழுத்திச் செருகாவிட்டாலும் இதே குழப்பம் வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.