மேகத்தை விற்காதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

திருப்பூரில் தைக்கும் ஒரு டி-ஷர்ட்டின் மார்பளவு, வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய அளவுத்தாளில் உள்ளதைவிட 2 சென்டிமீட்டர் கூடிவிட்டால் அந்த உருப்படி பெட்டிக்குள் போகாது. துணியின் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) குறைந்தால் கேள்வி, துவைத்தபின் சுருங்கினால் கேள்வி, கழுத்துப் பட்டியில் ஒரு தையல் விட்டுப்போனால் அதற்கும் கேள்வி. ஒரு பனியனுக்கு இத்தனை கணக்குக் கேட்கும் அதே நாடுகளின் பிராண்டு ஷூவை, ஏறக்குறைய 15,000 ரூபாய் கொடுத்து வாங்க நாம் கடைக்குப் போனால், பெட்டியின்மேல் இருப்பது சைஸும் நிறமும் விலையும் இறக்குமதியாளரின் முகவரியும்தான். அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் உயரம், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே உயர வேறுபாடு எவ்வளவு, ஒற்றை ஷூ எத்தனை கிராம், உள்ளே இருப்பது என்ன ஃபோம் என்று கேட்டால், கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் கேட்பது விசித்திரமான பொருள் ஒன்றும் அல்ல. தினமும் காலையில் தார்ச்சாலையிலும் சிமென்ட் சாலையிலும் ஓடுவதற்கு, நல்ல குஷன் உள்ள ஷூ வேண்டும். கோவை மாரத்தான் 2013இல் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் ஓடுகிறவர்களின் எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்லை. விடியற்காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையைச் சுற்றி வந்தால் எல்லா வயதுக்காரர்களையும் பார்க்கலாம். ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. அந்த விசையை வாங்கிக்கொள்ளும் பொருளைத்தான் நாங்கள் விலைக்குக் கேட்கிறோம். அதைப் பற்றிய தகவலைக் கேட்டால் மட்டும் ஏன் இத்தனை மௌனம்?

மௌனத்துக்குப் பதிலாகக் கிடைப்பது கட்டைவிரல். கடைத் தம்பி ஷூவைக் கவிழ்த்து, மிட்சோலின், அதாவது நடுவில் இருக்கும் ஃபோம் அடுக்கின், பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்திக் காட்டி, “அமுத்திப் பாருங்ண்ணா, மேகத்து மேல நடக்கற மாதிரியே இருக்கும்” என்கிறார். ஏசி அறை, கால் புதையும் கம்பளம், முழங்கால் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. அங்கே நான்கு எட்டு நடந்து பார்க்கலாம், அவ்வளவுதான். வெளியே போய்ச் சாலையில் ஒரு நூறு மீட்டர் ஓடிப் பார்க்கலாமா என்றால், “அடியில மண்ணு பட்டா திரும்ப எடுக்க மாட்டாங்கங்ண்ணா” என்று பதில் வருகிறது. சாலையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஷூவைச் சாலையில் வைக்காமலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இந்த விதியை எந்த மேதாவி வகுத்தார் என்று தெரியவில்லை. தம்பியின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்காமல் நிற்கவைத்த நிறுவனத்தின்மேல்தான் கோபம்.

கட்டைவிரல் சோதனையில் எதுவும் தெரிவதில்லை. நெடுங்காலமாக ஷூக்களில் இருப்பது இ.வி.ஏ. ஃபோம், அது குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும், ஆகவே ஏசிக்குள் தொட்டுப் பார்த்த மென்மையும் ஈரோட்டுச் சித்திரை வெயிலில் கிடைக்கும் மென்மையும் ஒன்றல்ல. 2013இல் அடிடாஸ் தன் பூஸ்ட் ஷூவில் டி.பி.யு. என்ற நெகிழும் பிளாஸ்டிக் மணிகளை ஒட்டவைத்த மிட்சோலைக் கொண்டுவந்தது. 2017இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை பந்தய ஷூவோடு பெபா என்ற, எடை குறைந்த, நன்றாகத் துள்ளி எழும்பும் வகை ஃபோம் பேசப்பட்டது. இப்போது நைட்ரஜன் வாயுவை உயர் அழுத்தத்தில் செலுத்தி ஊதவைத்த ஃபோம்கள் தினசரிப் பயிற்சி ஷூக்களுக்கும் வந்துவிட்டன. மென்மையாக அமுங்குவது ஒரு குணம், அமுங்கியபின் திரும்ப எழும்புவது வேறொரு குணம், சில நூறு கிலோமீட்டருக்குப் பின்னும் அப்படியே இருப்பது மூன்றாவது குணம். இவை மூன்றையும் ‘சூப்பர் சாஃப்ட்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டு நம்மிடம் பில்லை நீட்டுகிறார்கள்.

அதிலும் என்னைக் கொதிக்கவைப்பது, “அண்ணா கொஞ்சம் வெயிட்டா இருக்கீங்க, உங்களுக்கு இருக்கறதுலயே சாஃப்ட்டு போட்டாத்தான் முட்டி தாங்கும்” என்ற உபதேசம். லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 848 ஓட்டக்காரர்களுக்கு மென்மையான ஷூவையும் கடினமான ஷூவையும் பிரித்துக் கொடுத்து, ஆறு மாதம் கவனித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். கடினமான ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் கூடுதலாக ஏற்பட்டது உண்மைதான். ஆனால் எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மென்மையினால் கிடைத்த பாதுகாப்பு எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்பே, 2018இல் வெளியான ஒரு பின்லாந்து ஆய்வு, மிகத் தடித்த குஷன் ஷூவில் வேகமாக ஓடும்போது கால் விறைத்துக்கொள்வதையும், தரையில் மோதும் அதிர்வு சாதாரண ஷூவைவிடக் கூடுவதையும் பதிவு செய்தது. குஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் விஷயம் இவ்வளவு சிக்கலாக இருக்கையில், எடையைப் பார்த்த மாத்திரத்தில் மருந்து எழுதிக்கொடுக்கும் துணிச்சல் ஒரு விற்பனைக் கூடத்துக்கு எங்கிருந்து வருகிறது?

உயரத்தைப் பற்றிய பேச்சு இதைவிட மோசம். மெல்லிய அடிப்பாகம்தான் நல்லது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த 2009ஆம் ஆண்டில், இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மலையிறக்கத்தில் ஓடுவதற்காகத் தடித்த அடிப்பாகத்தோடு ஹோகா என்ற ஷூ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன. சாலைப் பந்தயங்களில் அடிப்பாகம் 40 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020இல் வரம்பு வைத்தது. அது பந்தய வீரர்களுக்கான விதி. காலையில் ஓடிவிட்டு ஆறரைக்குப் பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவனை யாரும் அளவுகோலோடு வழிமறிக்கப் போவதில்லை. ஆனால் கடைகளில் அதையே விற்பனை வசனமாக்கி, “இது ரேஸ்ல பேன் பண்ணின ஷூங்ண்ணா” என்கிறார்கள். அந்த உயரம் நம் சாலையில் என்ன செய்யும் என்பதைத்தான் சொல்ல மறுக்கிறார்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரம் சரிந்திருக்கும். வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடும்போது ஒரு கால் எப்போதும் தாழ்வான பக்கத்தில் விழும். அந்தப் பக்கத்து ஃபோம் அதிகம் அமுங்க, கணுக்கால் மெல்ல வெளிப்புறம் சாயும். குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய இடத்தில் கால் பட்டால், உயரமான மெத்தைமேல் நிற்கிற கால் பிசகுவதற்குக் கேட்கவா வேண்டும்? எடையைக் குறைக்க ரப்பரை அங்கங்கே மட்டும் ஒட்டி, மீதி இடத்தில் ஃபோமையே தரையில் தேயவிட்டிருக்கும் ஷூ, பெயர்ந்த ஜல்லியில் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

சரி, பழகிய ஷூவையே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், பெயர் மட்டும்தான் அப்படியே இருக்கும். ஹோகாவின் கிளிஃப்டன் 9இல் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வேறுபாடு 5 மி.மீ.; 2025இல் வந்த கிளிஃப்டன் 10இல் அது 8 மி.மீ. அந்த வேறுபாடு குறைந்தால் கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் வேலை கூடும், கூடினால் சுமை முழங்கால் பக்கம் நகரும். குதிநாண் வலியோடு இருப்பவருக்கு இந்த 3 மி.மீ. பெரிய விஷயம். புதியது வந்ததும் பழையதைத் தள்ளுபடியில் விற்கும்போதும் சரி, புதியதை முழு விலைக்கு நீட்டும்போதும் சரி, இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு வரி எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவாகிவிடும்?

ஒரு ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நடுவில் 600 என்று வைத்துக்கொண்டால், 15,000 ரூபாய் ஷூவுக்குக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய் ஆகிறது. வாடகை டாக்சியே இதைவிட மலிவு. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. விகிதங்களை மாற்றியபோது 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் 18 சதவீதம்தான். வரியையும் முழுதாகக் கட்டிவிட்டுத்தான் இருட்டில் பொருள் தேடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அகலம். ஆண்களுக்கு டி என்பது வழக்கமான அகலம், 2ஈ அகன்றது, 4ஈ மிக அகன்றது. பெண்களுக்கு பி வழக்கமானது, டி அகன்றது. பெட்டியில் சில சமயம் அந்த ஒற்றை எழுத்து இருக்கிறது, அதைப் படித்துச் சொல்லத்தான் கடையில் ஆள் இல்லை. வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதம் அகன்றிருப்பதை, இந்தியர்களின் பாதங்களையும் மேலைநாட்டவர் பாதங்களையும் அளந்து ஒப்பிட்டு 2009லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். தோட்டத்திலும் காட்டிலும் செருப்பில்லாமல் திரிந்து வளர்ந்த கால்கள் கொங்கு நாட்டில் எத்தனையோ இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் 2ஈ கேட்டால், ஸ்டாக் வருவதே இல்லை, “ஒரு சைஸ் பெருசா போட்டுக்கங்ண்ணா, சரியாப் போயிரும்” என்கிறார்கள். யு.கே. அளவில் ஒரு சைஸ் கூட்டினால் நீளம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் கூடுகிறது. அகலம் பேருக்குத்தான் கூடுகிறது. சுண்டுவிரல் பக்கவாட்டில் நசுங்குவது நிற்கவில்லை, ஷூ மடங்க வேண்டிய இடமும் கால் மடங்கும் இடமும் தப்பிப்போகின்றன, குதிகாலோ பின்னால் கழன்று கழன்று ஏறி இறங்குகிறது. அதையும் எடுத்துச் சொன்னால், “அதுக்குத் தடிச்ச சாக்ஸ் இருக்குதுங்ண்ணா” என்று பக்கத்து அலமாரியைக் காட்டி, அதற்கும் சேர்த்தே பில் போடுகிறார்கள்.