டிரங்குப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே

போன வாரம் லடாக்கிலிருந்து ஒரு போன். பங்காளி வீட்டுப் பையன், ராணுவத்தில் நாயக், 16 வருஷ சர்வீஸ். "சித்தப்பா, பென்ஷனுக்கு 15 வருஷம் முடிஞ்சிடுச்சி. பேப்பர் போட்டுட்டு வந்துடலாம்னு இருக்கேன். பரண் மேல ஆடு வளர்க்கப் போறேன்" என்றான். இதுவரை எத்தனை ஆடு வளர்த்திருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. யூடியூபில் நாற்பது வீடியோ பார்த்திருக்கிறான், அதுவும் நெட் கிடைக்கிற நேரத்தில்.

நான் சிரிக்கவில்லை. சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் பட்டாளத்தை விட்டு வந்த 40ஆம் நாள் தொழில் தொடங்கியவன். டிரங்குப் பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை.

பட்டாளத்தை விட்டு எப்போது வருவது, எப்போது தொழில் தொடங்குவது என்ற கேள்வி எங்கள் வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுவார்கள், அத்தனை பேர் பட்டாளத்தில். 37 வயதில், 40 வயதில் ஒருவன் ஊருக்குத் திரும்புகிறான். உடம்பில் தெம்பு இருக்கிறது, கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறது, பிள்ளைகள் ஏழாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கிறார்கள். பேங்க் வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார மனசு வரவில்லை. அப்போது தொழில் ஆசை வருவது இயற்கைதான். எப்போது தொடங்குவது என்பதில்தான் எனக்கு ஒரு கருத்து உண்டு. பாதிப் பேருக்கு அது பிடிக்காது.

பென்ஷன் உறுதியாகும்வரை வேலையை விடாதே. வெளியே வந்த பிறகும் ஒன்றிரண்டு வருஷம், எந்தத் தொழிலைச் செய்யப்போகிறாயோ அதே தொழிலில் இன்னொருவரிடம் சம்பளத்துக்கு நில். அதற்கு அப்புறம் உன் போர்டை மாட்டு.

"24 வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்துவிட்டு எவனோ ஒரு முதலாளியிடம் கைகட்டி நிற்கணுமா?" என்று என்னையே கேட்டவர்கள் இருக்கிறார்கள். நானும் 2013இல் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புக்கு எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன்.

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் இன்ஜினியர் பிரிவு. பெங்களூரில் அதன் எம்இஜி சென்டரில் 1989இல் சேர்ந்தேன். டிரேடு மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுவது. அருணாச்சலத்தில், சிக்கிமில், டோசர் ஒரு அடி பிசகினால் ஆளும் வண்டியும் கிடைக்காத இடத்தில் ரோடு வெட்டியிருக்கிறேன். ஆகவே பென்ஷன் வந்ததும் ஜேசிபி வாங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஜில்லாவில் என்னைவிட யாருக்கு அந்த மெஷினைத் தெரியும்? கமுட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் பணம்), கிராஜுவிட்டி, லீவுப் பணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 16 லட்சத்துச் சொச்சம் வந்தது. அதில் 12 லட்சத்துக்கு ஐந்து வருஷம் ஓடிய வண்டி ஒன்று வாங்கினேன். எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, ஊரே வந்து பார்த்தது.

மெஷின் என்னை ஏமாற்றவில்லை. இன்ஜின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தெரியாதது வேறு. வேலை முடிந்ததும் ஒருவரிடம் போய் "காசு குடுங்க" என்று கேட்கத் தெரியவில்லை. சிரிக்காதீர்கள். 24 வருஷம் மாதம் பிறந்தால் சம்பளம் கணக்கில் விழும். டீசல் வேண்டுமா, இன்டென்ட் போட்டால் வரும். ஃபில்டர் போய்விட்டதா, ஸ்டோரில் இருக்கும், இல்லையென்றால் அது குவார்ட்டர் மாஸ்டர் பாடு. சாப்பாடு லங்கரில் தயாராக இருக்கும். ஒரு பொருளுக்கு விலை பேசியதில்லை, ஒருவனிடம் கடன் வசூல் செய்ததில்லை. நாற்பது வயதுக்காரனாக வெளியே வந்தேன், காசு விஷயத்தில் மட்டும் இருபது வயதுப் பையன்.

ஒரு கான்ட்ராக்டர் ஏரி வேலைக்குக் கூப்பிட்டார். மூன்று மாசம் ஓட்டினேன். 410 மணி நேரம், மணிக்கு 750 ரூபாய். டீசலுக்கு அவ்வப்போது கொஞ்சம் கொடுத்தார். மீதிக்கு "பில் பாஸ் ஆகட்டும் மிலிட்டரி, உங்க காசு எங்க போகப் போவுது" என்பார். பேசும்போது டீ வாங்கிக் கொடுப்பார். அந்தப் பில் பாஸ் ஆகவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனது. எனக்கு முன்னால் டீசல் பங்க்காரருக்கு, ஜல்லிக்காரருக்கு, வாசலில் வந்து கத்துகிற ஆட்களுக்கெல்லாம் கொடுத்தார். நான் கத்தவில்லை. ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. மீதி இன்னும் வரவில்லை, இனியும் வராது.

ஆபரேட்டர் விஷயம் இன்னொன்று. ஒரு பையனை வைத்திருந்தேன், நல்ல கை. ஒரு நாள் லேட்டாக வந்ததற்கு யூனிட்டில் ஜவானைத் திட்டுவதுபோலத் திட்டிவிட்டேன். அங்கே திட்டு வாங்கியவன் விறைப்பாக நின்று "ஜி சாப்" என்பான். இங்கே அவன் சாவியை சீட்டில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டான். முகூர்த்த மாசம், வேறு ஆள் கிடைக்கவில்லை. 11 நாள் வண்டி மரத்தடியில் நின்றது. பட்டாளத்து ஒழுங்கு தொழிலுக்குப் பெரிய பலம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் இப்போதும் எனக்கு அந்த மரத்தடிதான் ஞாபகம் வரும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறோம், கணக்கு சுத்தமாக எழுதுகிறோம், அதெல்லாம் சரி. ஆனால் உத்தரவு போட்டுப் பழகிய வாய், வேலைக்காரனிடமும் வாடிக்கையாளரிடமும் பேசத் தெரியாத வாய். அதைப் பழக்கிக்கொள்ள நாள் ஆகும்.

2015இல் வண்டியை 7 லட்சத்துக்கு விற்றேன். அப்புறம் இரண்டரை வருஷம் மண் அள்ளும் வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் வேலைக்கு நின்றேன், மாதம் 12,000. முதலாளிக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. என் மனைவி முதலில் ஒரு மாசம் பேசவில்லை. ஆனால் நான் தொழில் கற்றது அங்கேதான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது, "நாளைக்கு" என்று ஒருவர் சொல்லும் தொனியில் எது நாளை, எது அடுத்த தீபாவளி என்பதெல்லாம் அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது. இன்னொன்றையும் கவனித்தேன். வண்டி வாடகை கடனில் ஓடுகிறது, ஆனால் ஹைட்ராலிக் ஹோஸ் (வண்டியின் கையை இயக்கும் எண்ணெய்க் குழாய்) வெடித்து வண்டி நின்றுவிட்டால் ஓனர் அடுத்த ஒரு மணி நேரத்தில் கையில் காசோடு வந்து நிற்கிறார். வண்டி நின்றால் அவருக்கு நஷ்டம், கடன் சொல்ல நேரம் இல்லை. 2018இல் குழாய் முனையில் இணைப்பை நெருக்கிப் பூட்டும் கிரிம்பிங் மெஷின் ஒன்று வாங்கி, ஹோஸ் அடித்துத் தரும் சின்னக் கடை போட்டேன். மூன்றரை லட்சம் முதல். அதே வண்டி, அதே அறிவு, நிற்கிற இடம் மட்டும் வேறு. இன்றைக்கு வரை அந்தக் கடைதான் சோறு போடுகிறது. எனக்கு அந்த 2013ஆம் வருஷமே யாராவது ஒரு கடையில் வேலை போட்டுக் கொடுத்திருந்தால் ஐந்து லட்சமும் மூன்று வருஷத் தூக்கமும் மிச்சம்.

இப்போது பணக் கணக்கு. கமுட்டேஷனைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நமக்குப் பென்ஷனில் பாதிவரை கமுட் செய்யலாம். உதாரணத்துக்கு அடிப்படைப் பென்ஷன் 20,000 என்று வையுங்கள். அதில் 10,000த்தை விட்டுக்கொடுத்தால், நாற்பது வயதை ஒட்டியவருக்கு வருஷத் தொகையைப்போல் 9 மடங்கு, கிட்டத்தட்ட 10 லட்சத்து 90 ஆயிரம் மொத்தமாக வரும். 15 வருஷம் மாதம் 10,000 பிடிப்பார்கள், மொத்தம் 18 லட்சம். "அய்யோ, ஏழு லட்சம் கொள்ளை" என்று பதறுகிறவர்கள் உண்டு. வட்டியாகப் போட்டுப் பார்த்தால் அது 7 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். அகவிலைப்படியும் முழுப் பென்ஷனுக்குத்தான் கணக்கிடுகிறார்கள். எந்த பேங்கும் இதைவிட மலிவாக நமக்குத் தொழில் கடன் தரப்போவதில்லை. ஆகவே கமுட்டேஷன் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் எவ்வளவைத் தொழிலில் போடுகிறாய் என்பதுதான் கேள்வி. நான் பெரும்பகுதியைப் போட்டேன். எனக்கு முழுப் பென்ஷன் 2028இல்தான் திரும்பும். என்னைக் கேட்டால் வந்த மொத்தப் பணத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் முதல் தொழிலில் இறங்கக் கூடாது. (மாதம் பத்து வட்டி தருகிறோம் என்று நம் பக்கம் வந்த கம்பெனிகளில் மொத்தத்தையும் போட்டவர்களோடு ஒப்பிட்டால் என் ஜேசிபி தேவலாம் என்பது வேறு கதை.)

லடாக் பையனுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கவில்லை. 15 வருஷத்தில் பென்ஷன் உண்டு என்பது உண்மை. ஆனால் 2015 நவம்பர் 7ஆம் தேதி ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) அறிவிப்பு வந்தபோதே, இனிமேல் தாமாகக் கேட்டு முன்கூட்டியே வெளியேறுகிறவர்களுக்கு அது கிடையாது என்று எழுதிவிட்டார்கள். தன் ரேங்குக்கு உரிய சர்வீஸை முடித்து வருகிறவனுக்குப் பென்ஷன் அவ்வப்போது திருத்தப்படும். பேப்பர் போட்டு வருகிறவன் அந்த வரிசையில் இல்லை. 37 வயதில் வெளியே வருகிறவனுக்கு இன்னும் 40 வருஷப் பென்ஷன் இருக்கிறது. சில வருஷ அவசரத்துக்கு இது பெரிய விலை. ஆட்டுக்கு அது தெரியாது.

அப்படியானால் சர்வீஸில் இருக்கும்போதே பக்கத்தில் ஏதாவது செய்யலாமா? கூடாது. நம் விதிமுறை அனுமதிப்பதில்லை. மனைவி பெயரில் போட்டுவிட்டு பாரக்கிலிருந்து போனில் நடத்துகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மச்சான்தான் பணக்காரன் ஆகிறான். மனைவி தானே விரும்பி, தானே நின்று நடத்துகிற தையல் கடையோ டியூஷன் சென்டரோ வேறு விஷயம். நீ தலையிடாதே, அது அவருடைய தொழில்.

சர்வீஸில் செய்யக்கூடியது கற்றுக்கொள்வது. ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. நான் 24 வருஷ லீவையும் கல்யாணம், காது குத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, கேன்டீன் சரக்குப் பங்கு வைப்பது என்றே கழித்தேன். கடைசி ஐந்து வருஷ லீவில் வருஷம் 20 நாள் ஒரு தொழில் இடத்தில் நின்றிருந்தால் 100 நாள் அனுபவம். ஓய்வுக்கு முன்னால் மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சி வகுப்புகளும் உண்டு. அதைச் சர்ட்டிபிகேட்டுக்காகவும் ஊர்ப் பக்கம் போஸ்டிங் மாதிரி இருக்கும் என்பதற்காகவும் எடுக்கிறவர்கள்தான் அதிகம். நானும் அந்த ரகம்.

மானியத் திட்டங்களைப் பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாடு அரசின் முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று 2024 சுதந்திர தினத்தில் அறிவித்தார்கள். நல்ல திட்டம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மத்திய அரசின் சுயதொழில் கடன் திட்டமான பிஎம்இஜிபியில் நாம் சிறப்புப் பிரிவு, கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம். ஆனால் அந்த மானியம் மூன்று வருஷம் பேங்கிலேயே முடங்கிக் கிடக்கும், கையில் வராது. மானியம் இருக்கிறதே என்று தொழிலைத் தேடாதீர்கள். தொழில் பழகிய பிறகு மானியத்தைத் தேடுங்கள்.

கேப்டன் கோபிநாத்தைச் சொல்லி என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. எட்டு வருஷத்தில் ராணுவத்தை விட்டார், ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டண விமான கம்பெனி தொடங்கினார், பென்ஷன் பார்த்தாரா என்று. அவர் வெளியே வந்த கையோடு விமானம் வாங்கவில்லை. ஹாசன் பக்கத்தில் நிலத்தில் இறங்கி விவசாயம் செய்தார், பட்டுப்புழு வளர்த்தார், மோட்டார் சைக்கிள் டீலராக இருந்தார், அப்புறம் ஹெலிகாப்டர் கம்பெனி. ஏர் டெக்கான் பறந்தது 2003இல். ராணுவத்தை விட்டு 20 வருஷத்துக்கு மேல். அந்த 20 வருஷத்தை விட்டுவிட்டுக் கதை சொல்கிறோம்.

என் அக்கா மகன் அக்னிவீர், நான்கு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்தில் எடுக்கப்பட்டவன். அவன் "மாமா, எனக்கு என்ன சொல்றீங்க" என்று கேட்டபோது மேலே எழுதிய எதுவும் அப்படியே பொருந்தவில்லை. நான்கு வருஷம் முடிந்து நிரந்தரமாக எடுக்கும் 25 சதவீதத்தில் வராவிட்டால், சேவா நிதி என்று மொத்தமாக 11 லட்சத்து 71 ஆயிரம் வரும். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. எனக்கு ஜேசிபியில் அடி விழுந்தபோது மாதாமாதம் பென்ஷன் வந்தது, அரிசிக்குப் பஞ்சமில்லை. அவனுக்கு அந்தத் திண்ணை கிடையாது. ஆனால் அவனுக்கு 23 வயதுதான் ஆகியிருக்கும், பிள்ளை குட்டி இல்லை, யாரிடமும் வேலைக்கு நிற்க வெட்கமும் இல்லை. பணத்தைப் பிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிட்டு மறந்துவிடு, மூன்று வருஷம் மூன்று கடையில் வேலை செய் என்றேன். அக்காவுக்கு அதில் திருப்தி இல்லை. அவளுக்கு அந்தப் பணத்தில் மாடி கட்ட வேண்டும்.

சரி, லடாக் பையன் விஷயம். பேப்பரை இப்போது போடாதே என்று சொல்லியிருக்கிறேன், சரி என்றான், அரைமனதாக. அடுத்த லீவில் வரும்போது கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தையில் எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரோடு ஒரு மாசம் சுற்ற ஏற்பாடு செய்திருக்கிறேன். விடியற்காலை வண்டியில் ஏற வேண்டும். ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லப் பழக வேண்டும், கழிச்சல் வந்த ஆட்டை வாசனையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. வியாபாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பையன் என்னை அதிகாரம் பண்ணக் கூடாது."