ஷினேட் ஓ'கானரின் ‘ஷான்-நோஸ் நூவ’: எந்தப் பாட்டில் தொடங்குவது?

ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் மரபுப் பாடல்களைப் பாடி 2002-இல் வெளியிட்ட இந்த ஆல்பத்தைப் பற்றி இரண்டு குறைகள் சொல்லப்படுவதுண்டு. மரபுப் பாடல் அறிந்தவர்கள் ‘இது ஷான்-நோஸே இல்லை’ என்பார்கள். ஷினேடின் பாப் பாடல்கள் வழியாக வந்தவர்களுக்கு ‘எல்லாம் ஒரே மாதிரி இழுவை’. முதல் குறையில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது, கேட்கிற விதத்தில் வரும் கோளாறு.

ஷான்-நோஸ் என்றால் ‘பழைய பாணி’. ஐரிஷ் மொழியில், ஒற்றைக் குரலில், பக்கவாத்தியம் இல்லாமல் பாடுவது. தாளக்கட்டு கிடையாது, சொல் போகிற போக்கில் மெட்டு போகும். அசைகளை நீட்டிச் சின்னச் சின்னச் சுழிப்புகள் போடுவார்கள். அயர்லாந்தின் மேற்கே கனமாராப் பக்கம் அது அதிகம், வடமேற்கே டோனகாலில் குறைவு. சோகமான இடம் வந்தது என்று குரலை உயர்த்துவதோ முகத்தில் காட்டுவதோ இல்லை. சில பாடகர்கள் கடைசி வரியைப் பாடாமல் பேச்சாகவே சொல்லி முடித்துவிடுவார்கள். கார்னா ஊர்க்காரர் ஜோ ஹீனியின் துணையில்லாப் பாடல் ஒன்றை முதலில் கேளுங்கள், அளவுகோல் கைக்கு வந்துவிடும்.

அந்த அளவுகோலில் இந்த ஆல்பம் தேறாது. 13 பாடல்களில் இரண்டுதான் ஐரிஷ் மொழியில். பிடில், அக்கார்டியன், பேஸ், டிரம்ஸ் எல்லாம் உண்டு. பிளாங்ஸ்டி என்ற ஐரிஷ் மரபிசைக் குழுவின் டோனல் லன்னியும் கூட இருக்கிறார். ஆனால் தலைப்பிலேயே ‘நூவ’, அதாவது ‘புதிய’ என்ற சொல்லை ஷினேட் வைத்திருக்கிறார். பழைய பாணியிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று: பாடுகிறவர் கதைக்குப் பின்னால் நிற்பது. ‘பேடிஸ் லமெண்ட்’ கேட்டால் புரியும். பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போனவனைக் கப்பலிலிருந்து இறங்கியதும் உள்நாட்டுப் போருக்கு அனுப்பிவிடுகிறார்கள். காலை இழக்கிறான், சொன்ன ஓய்வூதியம் வரவில்லை. ஊர்க்காரர்களை ‘இங்கே வராதீர்கள்’ என்கிறான். இவ்வளவையும் ஷினேட் அழாமல் பாடுகிறார். பழைய பாணியின் சாரம் அதுதான் என்பேன்.

எனவே தொடக்கம் அங்கேதான். டப்ளின் மீன்காரியைப் பற்றிய ‘மாலி மலோன்’ தெரிந்த பாட்டு என்று அதில் தொடங்க வேண்டாம். பப்பில் கூட்டமாகக் கத்திப் பாடிப் பழகிய காதுக்கு அது ஏமாற்றமாகவே இருக்கும். மாலி காய்ச்சலில் சாகிறாள், அவள் ஆவி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பது அந்தக் கூச்சலில் மறந்தே போய்விடுகிறது. ஷினேட் நினைவூட்டுவது அதைத்தான்.

அடுத்து ‘லார்ட் பிராங்க்ளின்’. 1845-இல் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் ஆர்க்டிக் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. பிறகு ‘பாடீன் எலிமீ’. டோனகால் தீவுகளுக்குப் போன சிறு படகு உடைந்த கதை. அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் பாடுவது. ‘ஓரோ’ மட்டும் சண்டைக்கு இழுக்கும். 1916 ஐரிஷ் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் வரிகளை மாற்றியெழுதிய பிறகு அது அணிவகுப்புப் பாட்டாகவே பழகிவிட்டது. பேஸும் டிரம்ஸும் போட்டுக் கேட்கப் பலருக்கு மனம் ஒப்பாது. எனக்கு ஒப்பும். அந்தப் பாட்டுக்குத் தாள அடி வேண்டும்.

‘லார்ட் பேக்கர்’ பத்து நிமிடத்துக்கு மேல் போகும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடப் பாடுவது ஐரிஷ் பாடகர் கிறிஸ்டி மூர். அயர்லாந்தில் பாயில் என்ற ஊரில் வாழ்ந்த நாடோடிச் சமூகத்துப் பாடகர் ஜான் ரைலியிடமிருந்து அவருக்கு வந்த பாட்டு. துருக்கிச் சிறையிலிருந்து தன்னை விடுவித்தவளுக்கு, ஏழு வருடம் வேறு யாரையும் மணக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் பேக்கர். அவனுடைய திருமண நாளில் அவள் வாசலில் வந்து நிற்கிறாள். ‘இழுவை’ என்று பலர் நிறுத்துவது இந்தப் பாட்டில்தான், காரணம் வரிகளைக் கவனிக்காததே. ஒரே மெட்டு கடைசிவரை திரும்பத் திரும்ப வரும், நகர்வது கதை மட்டுமே. வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டால் மெட்டு மட்டும்தான் காதில் விழும், கதை போய்விடும்.

போன் ஸ்பீக்கர் வேண்டாம், அடிக்குரல் கரைந்துபோகும். ஹெட்போன் போட்டு, வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாட்டுக்குப் பிறகு வரிகள் தேவைப்படாது.