அந்த ஆள் நான் இல்லைங்க!

நான் எந்த பைனான்ஸ் கம்பெனியிலும் டூவீலர் லோன் வாங்கியதில்லை. என்னிடம் டூவீலரே கிடையாது. ஆனாலும் முகம் தெரியாத ஒருத்தருடைய பைக்குக்கு மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாத டியூ நிற்கிறது, அவருடைய அப்பா பெயர் என்ன என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஃபோனை எடுத்து ஹலோ சொன்ன பாவத்துக்கு லோன் வசூலிக்கிறவர்களே ஒப்பிக்கிறார்கள். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். பைனான்ஸ்காரன் அவர் மானத்தைக் கப்பலேற்றியது போதும்.

காரணம் எளிது. என்னுடைய சிம் எண் முன்பு அவருடையது. துண்டித்த எண்ணை 90 நாள் யாருக்கும் தராமல் வைத்திருந்துவிட்டு, அப்புறம் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் நம் நாட்டு நடைமுறை. 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னதும் இதைத்தான். இருக்கட்டும், எண்களைத் திரும்பப் பயன்படுத்தித்தான் ஆகவேண்டும். ஆனால் எண் கைமாறிய விஷயம் சிம் கம்பெனிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எனக்கு ஃபோன் செய்கிற அத்தனை பேருக்கும் நானே சொல்லியிருக்கிறேன். லோன் கொடுத்தவன் கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

ராங் நம்பர் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாரி சொல்லி வைத்துவிடுவார்கள் என்றா?

"அவர் உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"யாருன்னே தெரியாதுங்க."

"தெரியாமயா உங்க நம்பரைக் குடுத்திருப்பாரு?"

"இது முன்னாடி அவர் நம்பர். இப்ப என்கிட்ட இருக்கு."

"சார், நீங்கதானே பேசறீங்க? குரலை மாத்திப் பேசினா எங்களுக்குத் தெரியாதா? சாயங்காலத்துக்குள்ள கட்டிடுங்க, இல்லைன்னா வீட்டுக்கு ஆள் வரும்."

வரட்டும். எந்த வீட்டுக்கு வருவான்? அவர் வீட்டு முகவரி அவர்கள் கையில் இருக்கிறது. நேரே போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே? அதற்குப் பெட்ரோல் போட வேண்டும். எனக்கு ஃபோன் செய்ய ஒரு விரல் போதும்.

இன்னொரு நாள் ஒரு பெண் மரியாதையாகப் பேசினார். அப்பாடா என்று நினைத்தேன். "கண்டிப்பா உங்க நம்பரை எடுத்துடறோம் சார், வெரிஃபிகேஷனுக்கு உங்க பேரு, பிறந்த தேதி, பான் நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றார். நான் கடன்காரன் இல்லை என்று நிரூபிக்க என் பான் எண்ணைத் தர வேண்டுமாம்! ஒருபக்கம் பான், ஆதார், ஓடிபி எதையும் ஃபோனில் சொல்லாதீர்கள் என்று எஸ்எம்எஸ் மேல் எஸ்எம்எஸ் அனுப்புகிறார்கள். இன்னொரு பக்கம் இப்படி. தரமாட்டேன் என்றேன். "அப்ப கால் வரத்தான் சார் செய்யும்." லைன் கட்.

சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. கடனை வசூலிக்கிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள் அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டது. நான் நண்பன்கூட இல்லையே! என்னிடம் அவர் கணக்கு வழக்கை விரித்து வைப்பது அவருக்குச் செய்கிற துரோகம் இல்லையா? அடுத்து 2025 ஜனவரியில் வந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியலைத் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கிறது, அதைப் பார்த்து உங்கள் வாடிக்கையாளர் விவரங்களைச் சுத்தம் செய்யுங்கள் என்று வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. மார்ச் 31 கெடு. ஆக, பட்டியல் இருக்கிறது, உத்தரவு இருக்கிறது. ஒரே ஒரு வரியை அழிக்கத்தான் ஆள் இல்லை.

ஏன் அழிக்க மாட்டார்கள்? கடன் கொடுத்த கம்பெனி வசூலை ஒரு ஏஜென்சியிடம் தள்ளிவிடுகிறது. அங்கே தேறவில்லை என்றால் ஃபைல் இன்னொரு ஏஜென்சிக்குப் போகிறது. முதல் ஏஜென்சிப் பையனிடம் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது அந்த ஏஜென்சியோடு போச்சு. புதியவன் கைக்கு அதே பழைய எண்ணோடு ஃபைல் வருகிறது, நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஃபோனில் பேசுகிற பையனைத் திட்டிப் பிரயோஜனமில்லை என்று எனக்கும் தெரியும். அவனுக்கு டார்கெட், பின்னால் டீம் லீடர். தவறான எண்ணை நீக்கினால் அவனுக்கு என்ன இன்சென்டிவ் வரப்போகிறது? ஆனாலும் "பொய் சொல்றியா" என்று ஒருமையில் பேசுகிறவனிடம் எனக்குப் பரிதாபம் வருவதில்லை, மன்னிக்கவும்.

பிளாக் செய்யேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். செய்தேன். அடுத்த எண்ணிலிருந்து வருகிறார்கள். தெரியாத எண்ணையே எடுக்காதே என்கிறார்கள். கூரியர்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், ஆஸ்பத்திரி ரிசப்ஷன் எல்லாம் தெரிந்த எண்ணிலிருந்தா கூப்பிடுகிறார்கள்?

சரி, முறைப்படி புகார் செய்வோம் என்று அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு அடித்தேன். "உங்கள் கடன் கணக்கு எண்ணைப் பதிவு செய்யவும்" என்கிறது ரெக்கார்டு குரல். கடனே இல்லாதவனிடம் ஏதய்யா கணக்கு எண்? இணையப் படிவத்திலும் அதே கட்டம், சிவப்பு நட்சத்திரம் போட்டு. நிரப்பாமல் நகராது. வாடிக்கையாளர் அல்லாத ஒருவனுக்கு இவர்களால் தொல்லை வரும் என்ற யோசனையே படிவம் போட்டவருக்கு வந்ததில்லை. கடைசியில் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலைத் தேடிப் பிடித்து, அழைப்பு வந்த எண்கள், நேரம், ஏஜென்சி பெயர், பதிவு செய்த பேச்சு எல்லாவற்றையும் இணைத்து, ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையையும் குறிப்பிட்டு அனுப்பினேன். வந்த பதில்: "அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் நிலுவையைச் செலுத்தக் கீழே உள்ள இணைப்பை அழுத்தவும்."

30 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். போகத்தான் போகிறேன். அதுவரை, "பேசாம நம்பரை மாத்திடேன்" என்று அறிவுரை சொல்ல யாரும் வராதீர்கள். பேங்க், ஆதார், கேஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இந்த எண்ணில்தான் இருக்கிறது. எவனோ ஒருவன் ஒரு வரியை அழிக்கச் சோம்பல்படுகிறான் என்பதற்காக நான் ஏன் ஊரெல்லாம் அலைய வேண்டும்? அப்படியே மாற்றினாலும் 90 நாள் கழித்து இந்த எண்ணை வேறு எவர் தலையிலாவது கட்டுவார்கள். முதல் வாரமே அவருக்கு ஃபோன் வரும். "நீங்கதானே பேசறீங்க? குரலை மாத்தாதீங்க சார்."