திருட்டுப் பசங்க கதைக்கு பேரு வைக்க நாலு நாள் ஆச்சு

என் தம்பி மகன் காரைக்குடியில காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறான், அவனும் கூட்டாளிங்களும் சேர்ந்து 20 நிமிஷத்துக்கு ஒரு குறும்படம் எடுக்குறாங்க, க்ரைம் காமெடி. ஷூட்டிங் கோட்டையூர்ல எங்க வீட்டுல தான், அதனால கதைல இருந்து பேரு வரைக்கும் எல்லா பேச்சும் எங்க பட்டாலையில, அதான் வீட்டு முன்கூடத்துல தான் நடந்துச்சு. நாலு நாள் பேருக்கு மட்டுமே போச்சு. இத ஏன் எழுதுறேன்னா, கேமரா வாடகைக்கும் லைட்டுக்கும் மாசக்கணக்குல யோசிக்கிற பசங்க பேர மட்டும் எடிட்டிங் எல்லாம் முடிச்சு கடைசி நாள் வச்சுக்கலாம்னு விட்டுர்றாங்க, எனக்கு அது மனசு ஒப்பவே இல்ல.

கதை இதுதான். காலேஜ் பசங்க மூணு பேரு, கைல காசு இல்ல, வருஷம் பூரா பூட்டிக் கிடக்குற ஒரு பெரிய வீட்டுல இருந்து பித்தளை குத்துவிளக்க கிளப்பிட்டுப் போயி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில வித்துரலாம்னு பிளான். ஆனா விளக்குல வீட்டு விலாசம் வெட்டியிருக்கு. வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், எங்க பக்கம் சீர் சாமான்ல தம்ளர் வரைக்கும் குடும்பத்துப் பெரியவங்க பேரோட முதல் எழுத்துகள வெட்டித்தான் வைப்பாங்க, அதுக்குப் பேரு தான் விலாசம், அதனால திருடுனா எந்த வீட்டுச் சாமான்னு எழுத்தே காட்டிக் குடுத்துரும். அதுல இருந்து ஒவ்வொரு பங்காளியா உள்ள வர்றாங்க. மிச்சத்த படத்துல பாத்துக்கங்க.

முதல்ல வந்த பேரெல்லாம் இங்கிலீஷ். செட்டிநாடு ஹெய்ஸ்ட், கேங் ஆஃப் காரைக்குடி, இப்படி. நான் வேணாம்னேன். செட்டிநாடுன்னு பேருல போட்டா ஜனங்களுக்கு சாப்பாடு தான் ஞாபகம் வரும், எந்த ஊரு ஹைவேல போனாலும் அந்த போர்டு தொங்குது, அதப் பார்த்து நாக்கு ஊறுமே தவிர கதை என்னன்னு தோணாது. அடுத்தது செட்டியார் வீட்டுத் திருடன்னு ஒருத்தன் சொன்னான், அதுவும் கூடாதுன்னுட்டேன், ஒரு ஆளப் பத்தி சிரிக்கலாம், ஒரு ஜனத்தையே சிரிப்புக்கு பேரா வைக்கக் கூடாது.

தமிழ்ல வச்சா எடுபடாதுன்னு ஒருத்தன் வாதாடுனான். தமிழ்ப் பேரு வச்சா கேளிக்கை வரி கிடையாதுன்னு 2006-ல அரசு அறிவிச்சப்ப எத்தனையோ படம் பேர மாத்துச்சு, அது வரிக்காக. நான் சொல்றது அதுக்காக இல்ல. சூது கவ்வும்னு 2013-ல வந்த படம் சுத்தமான க்ரைம் காமெடி, பேரு பாரதியோட பாஞ்சாலி சபதத்துல இருந்து எடுத்தது. பேருல சிரிப்பே இல்ல பாருங்க, அது பாட்டுக்கு விறைப்பா நிக்குது, உள்ள போனா தான் சிரிப்பு. காமெடிப் படத்துக்கு பேரே காமெடியா இருந்தா படம் தொடங்குறதுக்கு முன்னாடியே பாதி சிரிப்பு செலவாயிரும். இவ்வளவு ஏன், ஏவி.எம். சென்னைக்குப் போறதுக்கு முந்தி இதே காரைக்குடியில எடுத்து 1947-ல வந்த படத்துக்குப் பேரு நாம் இருவர். வீட்டுல புழங்குற ரெண்டே வார்த்தை, இன்னைக்கும் மறக்கல.

மூணாம் நாள் சாயங்காலம் எங்க ஆத்தா, அதான் எங்க அம்மா, வெத்தலை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. கதையில வர்ற பெரியவர் அந்த வீட்டுக்கு என்ன முறைன்னு பசங்க குழம்புனப்ப, "அவுக தானடா அந்த வீட்டுக்கு மூத்த புள்ளி"ன்னாங்க. பசங்களுக்குப் புரியல. நகரத்தார்ல, அதான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்ல, கல்யாணம் ஆனா கோயில்ல அந்தக் குடும்பம் ஒரு புள்ளின்னு கணக்கு, பிள்ளையார்பட்டி இளையாத்தங்குடின்னு ஒன்பது கோயில்லயும் அப்படித்தான், வரி போடுறதும் புள்ளி கணக்குல. இந்தப் பக்கம் பேப்பர்ல பாத்தீங்கன்னா யாராவது பெரிய ஆளு மாட்டுனா முக்கியப் புள்ளி சிக்கினார்னு போடுவான். ரெண்டும் ஒரே வார்த்தை! கோயில் கணக்குல மரியாதை, போலீஸ் கேஸ்ல திருடன். எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு, எங்க கதையே அதுதானே.

அப்பதான் ஒரு பையன், நல்ல பையன், விவரம் தெரியாம, அரைப்புள்ளின்னு வச்சா இன்னும் கேட்ச்சியா இருக்கும் அத்தைன்னான். புருஷனோ பொஞ்சாதியோ போயிட்டா மிச்சம் இருக்குறவங்க அரைப்புள்ளி. ஆத்தா ஒண்ணும் சொல்லல. மடிச்ச வெத்தலைய வாயில போடாம திரும்பத் தட்டுலயே வச்சாங்க, அவ்வளவுதான். எங்க அப்பா, அப்பச்சின்னு கூப்பிடுவோம், அவுக போயி எங்க ஆத்தா ஆறு வருஷமா அந்தக் கணக்குல தான் இருக்காங்க. பையனுக்கு நான் தனியா கூட்டிட்டுப் போயி சொன்னேன், அவன் கண்ணு கலங்கிருச்சு. ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு மட்டும் பேரா வைக்க முடியாது, அந்த வார்த்தைக்குள்ள யாரு வாழ்ந்துக்கிட்டு இருக்காங்கன்னும் பாக்கணும்.

அப்புறம் முக்கியப் புள்ளின்னு முடிவாச்சு. இதே பேருல வேற யாராச்சும் எடுத்திருந்தா கேஸ் போடுவாங்களான்னு பயந்தாங்க, வெறும் தலைப்புக்கு காப்பிரைட் கிடையாதுன்னு 2015-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, பெரிய படம்னா தயாரிப்பாளர் சங்கத்துல பதிவு பண்ற முறை தனியா இருக்கு, நமக்கு யூட்யூப்ல தேடிப் பாத்துக்கிட்டா போதும்னேன்.

பேருக்கு நடுவுல ப்-ங்கிற ஒற்று போடணுமா வேணாமான்னு ஒரு சண்டை. பேப்பர்ல நெறைய பேரு முக்கிய புள்ளின்னு ப் இல்லாம தான் போடுறாங்க, அப்படியே விட்டுரலாம்னானுங்க. முக்கியம்ங்கிறதுல ம் போச்சுன்னா அங்க ப் வந்தே ஆகணும், நான் விடல. என் தம்பி மகன் பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு சொன்னான், அத்தை, க் ப் ள் மேல சரியா மூணு புள்ளி, திருடுறவனும் மூணு பேரு.

டைட்டில் கார்டு கம்ப்யூட்டர்ல பண்ணல. பாத்திரக்கடைல பேரு வெட்டுறவர்ட்ட ஒரு பழைய பித்தளைத் தாம்பாளத்தக் குடுத்திருக்கோம், மெஷின் வேணாம், உளி வச்சு அடிங்கன்னு சொல்லி. ஒவ்வொரு எழுத்தும் சின்னச் சின்ன குழியா விழுகுது, டிக் டிக்னு சத்தம், அத அப்படியே மொபைல்ல ரெக்கார்டு பண்ணிட்டு வந்திருக்காங்க, படம் அந்தச் சத்தத்துல தான் தொடங்கப் போகுது. க் மேல புள்ளி நேத்தே வச்சுட்டாரு. ப், ள் ரெண்டும் நாளைக்கு.