லிபோ பேட்டரியை முழுவதும் தீர்த்தால் ஓடும் நேரம் கூடுமா?

ரிமோட் கார் சீக்கிரம் நின்றுவிட்டால், அதன் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை அடியோடு தீரும்வரை ஓட்டிவிட்டுச் சார்ஜ் செய்தால் பழைய நேரம் திரும்பும் என்ற செய்தி சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. இது தவறு.

அந்த வழக்கம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு உரியது. லிபோவிலோ பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நிரந்தரமாகக் கெடக்கூடும், உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கவும் கூடும். பேட்டரியுடன் வரும் குறிப்பேட்டிலேயே இந்த எச்சரிக்கையைப் பார்க்கலாம்.

முழுச் சார்ஜுக்குப் பின் செல் ஒவ்வொன்றிலும் 4.2 வோல்ட் இருக்கிறதா என மல்டிமீட்டரில் பாருங்கள். இருந்தும் நேரம் குறைந்தால், பேட்டரியைப் பழிக்குமுன், பேரிங்கில் சுற்றிய முடியையும் புழுதியையும், இறுக்கமாகப் பொருத்திய பல்சக்கரத்தையும் கவனியுங்கள். ஏற்காட்டின் மார்கழிக் காலையில் சற்றுக் குறைவாக ஓடுவதோ, குளிரில் எந்த லிபோவுக்கும் இயல்புதான்.

அச்செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.